எழுநூற்று அறுபது ஊதிய பெண்

"மாணவி: ஷாமினி த/பெ யோகேந்திரன். வயது: பதினாறு. நாட்பட்ட ஆஸ்துமா நோயாளி. அமைதியான சுபாவம் உடையவர். ஓட்டம், தாவுதல், போட்டி விளையாட்டுகள் அனைத்திலிருந்தும் விலக்கு அளிக்கப்படுகிறது. உடற்கல்வி நேரத்தில் நிழலான இடத்தில் அமர வைக்கவும்."

பள்ளிக்கூடக் கோப்பில் உள்ள இந்தக் கடிதம் ஆண்டுதோறும் வயது மட்டும் திருத்தப்பட்டுப் புதிதாக அச்சாகும். பெயர் சரி. வயது சரி. ஆஸ்துமாவும் சரிதான். மற்றதெல்லாம் வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றியது.

அமைதியான சுபாவத்தை எடுத்துக்கொள்வோம். திடலோர மரத்தடியில் அமர வைக்கப்பட்ட ஷாமினி, அங்கிருந்தபடியே இரண்டு அணிகளுக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுப்பாள். சொன்னதைக் கேட்காமல் தோற்ற அணிக்கு வசவும் உண்டு. ஒருமுறை நடுவராக நின்ற ஆசிரியருக்கே, "அது அவுட்டு சார்! கண்ணாடி போட்டுப் பாருங்கலா!" என்று மரத்தடியிலிருந்து தீர்ப்பு வந்தது. அடுத்த வாரம் அவளுடைய நாற்காலி இன்னும் தள்ளியிருந்த மரத்துக்கு மாற்றப்பட்டது. குரல் வந்து சேர்வதில் மாற்றம் எதுவும் இல்லை.

விளையாட்டு விலக்கின் கதை இன்னும் விசேஷம். பெடாஸ் என்ற சிற்றூரிலிருந்து உள்ளே போகிற செம்பனைத் தோட்டத்தில், பழம் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு செம்மண் திடல் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அங்கே தோட்டத்துப் பெண்கள் கபடி ஆடுவார்கள். அந்த அணியில் எதிராளி பக்கம் பாடிக்கொண்டு ஏறுவதற்கு ஷாமினியை விட்டால் ஆள் கிடையாது. தரையில் ஆடும் அத்தனை விளையாட்டுகளிலும், மூச்சு விடக் கூடாது என்பதையே விதியாக வைத்திருக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து அவள் விரும்பியிருந்தாள்.

அணியின் பயிற்சியாளர் தர்மராஜ். பள்ளியில் ஷாமினியை மரத்தடியில் உட்கார வைக்கும் உடற்கல்வி ஆசிரியரும் அதே தர்மராஜ்தான். காலை பத்து மணிக்கு அவளை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு, "என்னா நடக்குற? ஏறு, ஏறு, காலைத் தொடு!" என்று கத்துவார். இதில் உள்ள முரண்பாட்டை யாராவது சுட்டிக் காட்டினால், "பள்ளியோடத்துல நான் சூராட்டுக்குக் கட்டுப்பட்டவன்லா. இங்க யாரு சூராட் கேட்டா?" என்பார். சூராட் என்றால் அந்தக் கடிதம். கடிதத்துக்கும் திடலுக்கும் இடையில் பதினைந்து கிலோமீட்டர் இருந்ததால் மூன்று வருடங்களாக இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை.

ஷாமினியின் ஆட்டத்துக்கு ஒரு ரகசிய முறை இருந்தது. மூன்று தடவை ஏறிவிட்டு, நான்காவதற்கு முன்னால் கொட்டகைக்குப் பின்னால் போவாள். சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கும் நீல நிற பம்ப்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு திரும்புவாள். ஒளிப்பதற்குக் காரணம் அம்மா மாதவி. "பம்ப் புடிக்கிற பொண்ணுன்னு பேரு வந்துச்சுனா நாளைக்கு எவன் கேட்டு வருவான்?" என்பது மாதவியின் கட்சி. பதினாறு வயதில் எவனும் கேட்டு வரத் தேவையில்லை என்பது மகளின் கட்சி. பம்ப் மட்டும் கட்சி எதிலும் சேராமல் பத்து நாளைக்கு ஒன்று தீர்ந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் அந்த முறை கவிழ்ந்தது. கருவேப்பிலைச் செடி வாடும் அளவுக்கு வெயிலும், எங்கிருந்தோ வந்த புகைமூட்டமும் சேர்ந்திருந்த ஒரு நாளில், ஆறாவது தடவை ஏறிய ஷாமினி பாட்டை முடிக்காமலேயே திடலில் குந்திவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. தர்மராஜ் அவளைத் தன் மோட்டர் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து, இன்னொரு ஆட்டக்காரியைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரசாங்கக் கிளினிக்குக்குப் பறந்தார். அங்கே முகமூடி மாட்டி கேஸ், அதாவது மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்துப் புகை, கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் மூச்சு திரும்பியது. மூச்சோடு பேச்சும்.

"மிஸ்ஸி, எங்க கபடி ஃபைனலு நடக்குற சனிக்கெழம சீக்கிரம் வருமா?"

மிஸ்ஸி என்றால் தாதி. மிஸ்ஸி சுலைஹாவுக்கு முப்பத்தெட்டு வயது. போர்ட்டிக்சனில் உணவுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கடையில் வளர்ந்ததாலோ என்னவோ, நோயாளியிடம் நேராக விலை சொல்லிவிடுகிற பழக்கம் உண்டு.

"சனிக்கெழம வரும். நீ வருவியான்னு தெரியல. எத்தன நாளைக்கு ஒரு நீல பம்ப்பு முடியுது?"

"பத்து நாளு."

"அல்லா! ஒரு வருசம் வரணும்லா அது. பிரவுன் பம்ப்பு எங்க?"

"அது ஒண்ணும் பண்ண மாட்டேங்குது மிஸ்ஸி. இழுத்தா ஒண்ணுமே தெரியாது."

"நீலம் ஆபத்துக்கு ஓடியாறவன். பிரவுன் தெனமும் வேலைக்கு வர்றவன். தெனமும் வர்றவன கண்டுக்காம, ஓடியாறவனையே நம்பி இருக்க நீ. ஒருநாள் அவனுக்கு லீவு வந்துச்சுனா?"

அன்று ஷாமினி கிளினிக்கின் இளையோர் நலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டாள். புதன்கிழமை மதியங்களில் நடக்கும் திட்டம் அது. எடை, உயரம், பல், கண், தூக்கம், மனம், மூச்சு என்று எல்லாவற்றுக்கும் ஒரு தாள் உண்டு. மனத்துக்கான தாளில், "கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு நேரம் எரிச்சலாக உணர்ந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி. ஷாமினி, "அம்மா வேலைக்குப் போகாத நேரம் எல்லாம்" என்று எழுதினாள். சுலைஹா படித்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் கோப்பில் செருகினார்.

கபடிப் போட்டியை நடத்துகிறவர்கள் இந்த வருடம் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தார்கள். ஆடுகிறவர்கள் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு நான்கு வாரமும் சில நாட்களும் இருந்தன. சுலைஹா அதற்கு வழி சொன்னார். காலையும் மாலையும் பிரவுன் பம்ப். காலையும் மாலையும் ஓர் ஊதுகுழல். கையடக்கமான பிளாஸ்டிக் குழாய் அது. நின்றுகொண்டு மூச்சை நிறைய இழுத்து ஒரே ஊதாக ஊதினால், சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். கடைசி எண் எண்ணூறு. மூச்சுக்குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு அது கணக்கு. எண்ணைப் பச்சைப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

"நீ ஊதுறதுல பெரிய நம்பர் எதுவோ, அதுதான் ஒனக்கு நூறு" என்றார் சுலைஹா. "எம்பதுக்கு மேல இருந்தா பச்ச, ஆடலாம். அதுக்குக் கீழ மஞ்ச, ஒக்காரணும். பாதிக்கும் கீழ போனா சிவப்பு, ஒடனே இங்க ஓடியாரணும். நாலு வாரம் பச்சயில இரு. டாக்டர் சான்றிதழுல சாப்பு குத்திக் குடுப்பாரு."

இதைச் சொல்லும்போது, மகளைக் கூட்டிப்போக வந்திருந்த மாதவி பக்கத்து அறையில் இருந்தார். அங்கே எடை பார்க்கும் இயந்திரம் காலியாக இருந்ததால் அதில் ஏறி நின்றிருந்தார்; சுலைஹா சொன்ன கணக்கு அவர் காதில் விழவில்லை. பின்னால் நடந்த குழப்பம் எல்லாம் அந்த இயந்திரத்தில் தொடங்கியது என்று சொல்லலாம்.

முதல் நாள் காலை ஷாமினி ஊதினாள். முந்நூற்று ஐம்பது. அவள் வயதுக்கும் உயரத்துக்கும், பிரவுன் பம்ப் இன்னும் வேலை தொடங்காத நுரையீரலுக்கும் அது மரியாதையான எண். மாதவி குழலை வாங்கி, அதில் அச்சிட்டிருந்த கடைசி எண்ணைப் பார்த்தார்.

"எண்ணூத்துக்கு முன்னூத்தம்பதா? பாதிகூட இல்லயேடி. இத எப்பிடி கொண்டுபோய் டாக்டர்கிட்ட நீட்டுறது?"

"அம்மா, இது மார்க்கு இல்லம்மா."

"புக்குல எழுதுனா மார்க்குதான்."

மறுநாள் ஷாமினிக்கு நேரமாகிவிட்டது. பள்ளிப் பேருந்து ஆறு மணிக்கு. பிரவுன் பம்ப்பை இழுத்துவிட்டு வாய் கொப்புளித்தவள், ஊதாமலேயே பையைத் தூக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில், பெரட்டுக்குப் போகும் வழியில் காப்பி குடிக்க வந்து நின்றவர் மாதவியின் அண்ணன் ரவிச்சந்திரன். பழம் வெட்டுகிறவர். நாற்பதடி உயரத்துக் குலையை நீளக்கம்பில் கட்டிய அரிவாளால் இழுத்து அறுக்கும் தோள். இரண்டு வீடு தள்ளி அவர் தும்மினால் இங்கே கோழி எழுந்திருக்கும்.

பெரட்டு என்பது காலையில் வேலையாட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. அதற்கு ஒரு தோட்டத்து வழக்கம் இருக்கிறது. ஷாமினியின் அப்பா யோகேந்திரன் ஜொகூருக்கு லாரி ஓட்டப் போவதற்கு முன், இதே தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், அவருக்குக் காய்ச்சல் என்றால் மச்சான் ரவிச்சந்திரன் அவருடைய நிரையையும், அதாவது அவர் பங்கு மர வரிசையையும், சேர்த்து வெட்டுவார். மாதவிக்கு இடுப்பு வலி என்றால் நாற்றுப் பண்ணையில் அவருக்குப் பதில் அண்ணன் மனைவி தண்ணீர் ஊற்றுவார். கணக்கெழுதும் கிராணியும் யார் வந்தார் என்று பார்க்க மாட்டார். நிரை முடிந்ததா என்று பார்த்துப் பெயரைப் போட்டுவிடுவார். இதில் பொய் இருப்பதாக எந்தத் தலைமுறையும் நினைத்ததில்லை. குடும்பத்தில் ஒருவர் செய்தால் குடும்பம் செய்த மாதிரி.

"அண்ணே, புள்ளைக்கி நேரமாச்சு. இத ஒரு ஊது ஊதிட்டுப் போ."

ரவிச்சந்திரன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. காப்பிக் கோப்பையை வைத்தார். மூச்சை இழுத்தார். ஊதினார். முள் போய்க்கொண்டே இருந்தது.

"அலாமாக்!" என்றாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஷாமினி. "எழுநூத்தி அறுவது!"

மாதவியின் முகம், பரீட்சையில் முதலிடம் வாங்கிய பிள்ளையைப் பெற்றவரின் முகம் ஆனது. முதல் நாள் எழுதிய முந்நூற்று ஐம்பதை வெள்ளை மையால் பூசி மறைத்துவிட்டு, அழகான கையெழுத்தில் எழுநூற்று அறுபது என்று எழுதினார். ஷாமினி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெரிய எண் என்றால் சான்றிதழ் நிச்சயம் என்று அவளும் கணக்குப் போட்டாள். பேருந்தும் ஹாரன் அடித்துவிட்டது.

இப்படியாக நான்கு வாரம் ரவிச்சந்திரன் ஊதினார். காலையில் காப்பிக்கு முன், மாலையில் குளித்த பின். ஒரு நாள்கூடத் தவறவில்லை. சளி பிடித்திருந்த நாளிலும் எழுநூற்று இருபது. கடமை உணர்வில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

விசித்திரம் என்னவென்றால், ஷாமினியும் அதே நான்கு வாரமும் பிரவுன் பம்ப்பை ஒழுங்காக இழுத்தாள். காலை இரண்டு, மாலை இரண்டு, வாய் கொப்புளிப்பு. மூன்றாவது வாரத்தில் கொட்டகைக்குப் பின்னால் போவதை மறந்துபோனாள். நீல பம்ப் பைக்குள் கிடந்தது. தர்மராஜ், "என்னா, இன்னிக்கு பாத்ரூம் போவல?" என்று கேட்டபோதுதான் அவளுக்கே நினைவு வந்தது. அவளுடைய மூச்சு உண்மையாகவே நன்றாகிக்கொண்டிருந்தது. அதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை மாதவி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். பரிசளிப்பு விழாவுக்கு வேறெப்படிப் போவது?

டாக்டர் முகுந்தன் அங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கோலாலம்பூரில் படித்தவர், மிகவும் நல்லவர், தமிழை மாடிப்படி இறங்குவது மாதிரிப் பார்த்துப் பார்த்துப் பேசுவார். புத்தகத்தின் பெரிய எண்ணைக் கணினியில் தட்டினார். பிறகு ஷாமினியிடம் குழலைக் கொடுத்து ஊதச் சொன்னார்.

முந்நூற்று எழுபது. ஷாமினி வாழ்க்கையில் ஊதிய பெரிய எண். முகம் மலர்ந்தாள்.

கணினித் திரை சிவப்பானது.

டாக்டர் எழுந்து நின்றார். "ரெட் ஸோன்! நீங்க... வந்து... ஒக்காருங்க. பேசாதீங்க. மிஸ்ஸி! கேஸ்!"

"எதுக்கு டாக்டர்? நான் நல்லாதான் இருக்கேன்."

"பேசக் கூடாது! உங்களுக்கு மூச்சு பாதிகூட இல்ல!"

சக்கர நாற்காலி வந்தது. விரலில் கிளிப் மாட்டினார்கள். ஆக்சிஜன் தொண்ணூற்று ஒன்பது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், சுத்தம். டாக்டர் திரையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கணக்குப்படி அவள் மயங்கிக் கிடக்க வேண்டும். ஆனால் முகமூடிக்குள் கேஸ் புகை சுழல, "எனக்கு சான்றிதழ் வேணும்! சான்றிதழ்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டும் லியாக்கத் அலி சாவியோடு வாசலில் வந்து நின்றார். மாதவி பட்டுச் சேலையில் அழத் தொடங்கினார்.

சுலைஹாதான் பச்சைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். புரட்டிய வேகம் குறைந்தது.

"எழுநூத்தி அறுவது. எழுநூத்தி அறுவது. எழுநூத்தி நாப்பது." நிமிர்ந்தார். "லியாக்கத் அண்ணே, நீங்க போன மாசம் ஊதிப் பாத்தீங்களே, எவ்ளோ?"

"ஐந்நூத்தி எம்பது" என்றார் லியாக்கத் அலி, கொஞ்சம் பெருமையோடு.

"இந்தப் புள்ள ஒங்கள விட நூத்தி எம்பது கூட ஊதுதாம்." சுலைஹா மாதவியின் பக்கம் திரும்பினார். "அக்கா, யாரு ஊதுனது?"

"அவதான் மிஸ்ஸி ஊதுனா. சத்தியமா."

ஷாமினிக்குத் தெரியும்: உண்மையைச் சொன்னால் புத்தகம் செல்லாது, புத்தகம் செல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் சனிக்கிழமை இல்லை. அம்மா சொன்னதையே பிடித்துக்கொண்டால் சிவப்பு. அப்போதும் சனிக்கிழமை இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும் என்றால் பொய்க்கு எதற்கு மெனக்கெட வேண்டும்? முகமூடியைக் கழற்றினாள்.

"மாமா ஊதுனாரு மிஸ்ஸி. எல்லா நாளும். எழுதும்போது நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

மாதவி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வாதத்துக்குத் தயாரானார். "அவருனா அந்நியமா? என் சொந்த அண்ணன்தானே! அவ அப்பாவுக்குக் காச்சல்னா அவருதானே நெரய வெட்டுனாரு? கிராணி ஒரு வார்த்த கேட்டதில்ல!"

"அக்கா, நெரய யாரு வேணும்னாலும் வெட்டலாம். மூச்ச எப்பிடிக்கா இன்னொருத்தரு விடுறது?"

இந்தக் கோணத்தில் மாதவி யோசித்துப் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

டாக்டர் முகுந்தன் நாற்காலியில் சாய்ந்தார். பெண் பிழைத்துவிட்டாள் என்ற நிம்மதியும், தான் ஒரு பழம் வெட்டுகிறவரின் நுரையீரலுக்குச் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்தோம் என்ற உண்மையும் சேர்ந்து அவரைச் சிரிக்க வைத்தன. ஆனால் சாப்பு, அதாவது முத்திரை, குத்தவில்லை. நான்கு வாரப் பதிவு இல்லை, அது விதி. சுலைஹா அவரிடம் மலாயில் வேகமாக எதையோ பேசினார். டாக்டர் கையேட்டைப் புரட்டினார். ஒரு வழி இருந்தது: ஓட வைத்துப் பார்ப்பது. ஓடுவதற்கு முன் ஓர் ஊது. ஆறு நிமிட ஓட்டம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊது. எண் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் சரியாமல் இருந்தால் சான்றிதழ் கொடுக்கலாம்.

"இப்பவே ஓடுறேன்!" ஷாமினி நாற்காலியிலிருந்து குதித்தாள்.

"இப்ப கேஸ் குடுத்தாச்சு. இன்னிக்கு ஓடுனா அது கேஸோட ஓட்டம், உங்க ஓட்டம் இல்ல" என்றார் டாக்டர். அன்றைக்கு அவர் தட்டுத் தடுமாறாமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். "வெள்ளிக்கெழம காலையில வாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் மாதவி வழக்கம்போல் சாம்பிராணித் தட்டை எடுத்தார். ஷாமினி அதை மெதுவாக வாங்கிக் கிணற்றடியில் வைத்தாள். "இன்னிக்கு சாமிக்குப் பூ மட்டும் போதும்மா. பொக வேணாம்." மாதவி பூ பறிக்கப் போனார்; அதுவே அந்த வீட்டில் ஒரு செய்தி.

கிளினிக் வாசலுக்குப் போனால் தோட்டம் பாதி அங்கே நின்றது. கபடி அணி முழுதும் வாட்ஸ்அப்பில் கூடி வந்திருந்தது. ரவிச்சந்திரன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தலை சீவிப் பவுடர் பூசி, குற்றவாளியாகவும் உறவினராகவும் ஒரே நேரத்தில் நின்றார். சர்க்கரை நோய்க்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்திருந்த முப்பது பேர், டாக்டர் ஏன் வெளியே வருகிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் யாரும் உள்ளே போகவில்லை.

ஓடுவதற்கு முன் ஊதினாள். முந்நூற்று எண்பது.

"முன்னூத்தி இருவத்தி மூணுக்குக் கீழ எறங்குனா சான்றிதழ் இல்ல" என்று சுலைஹா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் நீல பம்ப். "ஓடு!"

ஷாமினி கிளினிக்கைச் சுற்றி ஓடினாள். மருந்துக் கூடத்தைத் தாண்டி, ஆம்புலன்ஸைத் தாண்டி, ரப்பர் செருப்புகள் குவிந்த வாசலைத் தாண்டி மறுபடி வந்தாள். முதல் சுற்றில் அணி மட்டும் கத்தியது. மூன்றாவது சுற்றில் சர்க்கரைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். "லாரி! லாரி!" என்று ஒரு மலாய்ப் பெரியவர் கைத்தடியைத் தூக்கிக் கத்தினார். அவருடைய மொழியில் ஓடு என்று அர்த்தம். தர்மராஜ் வாயைத் திறந்தார். இது பள்ளி நேரமா மாலை நேரமா என்று ஒரு கணம் குழம்பினார். பிறகு எல்லாரையும் மிஞ்சிக் கத்தினார்.

ஆறு நிமிடம் முடிந்தது. வியர்வை சொட்ட நின்றாள். ஐந்து நிமிடம் கழித்து ஊதினாள்.

"முன்னூத்தி எழுவது!"

கைதட்டல். பத்தாவது நிமிடம் ஊதினாள். சுலைஹா முள்ளை இரண்டு முறை பார்த்தார்.

"முன்னூத்தி நாப்பது."

கைதட்டல் இல்லை. டாக்டர் அருகில் வந்து நெஞ்சைக் கேட்டார். தொடரலாம் என்று தலையாட்டினார். பதினைந்தாவது நிமிடம்.

"முன்னூத்தி முப்பது."

இன்னும் ஒரு கோடு இறங்கினால் சனிக்கிழமை போய்விடும். அப்போது தன்னை அறியாமல் ரவிச்சந்திரனின் கால் ஓர் எட்டு முன்னால் வந்தது, மார்பு விரிந்தது. நான்கு வாரத்துப் பழக்கம்.

"தள்ளிப் போண்ணே!" மாதவி கையை நீட்டி அவரை மறித்தார். "அவ ஊதுவா."

இருபதாவது நிமிடம். ஷாமினி நேராக நின்றாள். மூச்சை அடி வயிற்றிலிருந்து இழுத்தாள். எதிரணியில் ஏழு பேர் கைகோத்து நிற்பதைப் பார்க்கிற பார்வை அது. ஊதினாள். சுலைஹா குழலை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"முன்னூத்தி அறுவது! ஏறிடுச்சு!"

வெறும் வயிற்றில் இருந்த முப்பது பேர் போட்ட சத்தத்தில் உள்ளே தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. மாதவி தன் மகளைக் கட்டிப் பிடிப்பதற்கு முன் டாக்டரைக் கட்டிப் பிடித்தார். டாக்டர் அதே நிலையில் சாப்பு குத்தினார். அடியில் நிபந்தனைகளை எழுதினார்: பிரவுன் பம்ப் நிறுத்தக் கூடாது, ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன் நீலத்தில் இரண்டு இழுப்பு, நீல பம்ப் திடலோரத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும், காலையில் ஊதிப் பார்த்து மஞ்சள் வந்தால் ஆடக் கூடாது.

"எல்லாரும் பாக்குற எடத்துலயா?" என்றார் மாதவி.

"எல்லாரும் பாத்தாச்சும்மா" என்றாள் ஷாமினி.

சனிக்கிழமை சுவா என்ற ஊரில் இறுதி ஆட்டம். மூன்று வருடமாகக் கோப்பையை வெளியே விடாத அணி சுவா அணி. ஏறி வருகிறவர்களை மறித்துப் பிடிக்கும் அவர்களுடைய காவல்காரி ஒருத்தி, திடலோர மேசையில் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவில் நின்ற நீல பம்ப்பைப் பார்த்துவிட்டு, "யாருடி நோயாளி?" என்று சிரித்தாள். முதல் ஏற்றத்திலேயே நோயாளி அவளுடைய முழங்காலைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியிருந்தாள். அதன் பிறகு அவள் பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் ஏறி இறங்கி ஏறியது. பாடும் குரல் அறாமல் வருகிறதா என்று காது கொடுத்து நின்ற நடுவர், ஒரு தடவைகூட விசில் ஊதி ஷாமினியை நிறுத்தவில்லை. இடைவேளையில் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் சமமானார்கள். திடலோரத்தில் மாதவி பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, விதிகள் எதுவும் தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தினார். ரவிச்சந்திரன் கத்தியது பல மைல் தள்ளியிருக்கும் மம்பாவ் வரை கேட்டிருக்கும். கடைசி நிமிடத்தில் ஷாமினியை மூன்று பேர் சேர்ந்து மடக்கினார்கள். அதற்கடுத்த ஏற்றத்தில் சுவா அணி இன்னொரு புள்ளியும் எடுத்தது. பெடாஸ் பக்கத்துத் தோட்டம் இரண்டு புள்ளியில் தோற்றது. கோப்பை நான்காவது வருடமும் சுவாவிலேயே தங்கியது.

அன்று காலையில் ஷாமினி குழலைத் தானே ஊதினாள். முந்நூற்றுத் தொண்ணூறு வந்தது, அதை அப்படியே எழுதினாள். மாலையில் பத்தொன்பது முறை எதிரணிப் பக்கம் ஏறினாள். பதினாறு முறை திரும்பி வந்தாள்.